பெருக்கி வைத்த மணல்

தடதடவென்று இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். சமையலறை ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அடுப்படியில் சுருண்டு கிடந்த பூனை ஒரே தாவலில் அலமாரி உச்சிக்குப் போய்விட்டது.

தங்கச்சி கையில் கரண்டியோடு பின்வாசலுக்கு ஓடினாள். பக்கவாட்டு கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு லாரி நின்றது. அதன் முதுகு வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்க, மணல் சரிந்து கொல்லையில் குன்றாகக் குவிந்துகொண்டிருந்தது.

"நிறுத்துப்பா! யார் வீட்டு மணலை யார் வீட்டுல கொட்டறே?"

"உங்க வீட்டு மணல்தாம்மா. தோட்டக்காரம்மா அனுப்பினாங்க."

"நான் புல்லு இல்ல கேட்டேன்?"

"புல்லுக்கு வேற வண்டிம்மா" என்றான் லாரிக்காரன், உலகத்திலேயே இயல்பான பதில் அதுதான் என்பதுபோல.

அவளைத் தெருவில் எல்லோருமே தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கூடவே இருக்கிற அண்ணன் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடை முதலாளி, காய்கறிக்காரர், எதிர்வீட்டுக்காரர் எல்லோருக்கும் அவள் தங்கச்சியாகிவிட்டாள். பாக்கி இருந்தது கட்டின புருஷன் ஒருவர்தான்.

அந்தப் புருஷன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வாயில் பல் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தார். "பவுண்டன் வந்துடுச்சா?"

"உங்க தலை வந்தது. மணல் வந்திருக்கு."

அதற்குள் ஒரு ஸ்கூட்டர் கேட்டில் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிய பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கலாம். அவளுடைய கார்டில் 'தோட்ட வடிவமைப்பாளர்' என்று அச்சடித்திருக்கும். அந்த வார்த்தையை முழுசாகச் சொல்லி முடித்த வாடிக்கையாளர் இதுவரை யாரும் இல்லை. லாரிக்காரன் முதல் பெரிய பங்களாக்காரர்கள் வரை எல்லோருக்கும் அவள் தோட்டக்காரம்மா.

"ஏங்க, இது என்ன பீச்சா?" என்றாள் தங்கச்சி.

"கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கோங்க. இதைச் சலிச்சு, கொல்லை முழுக்க ஒரு விரல் கனத்துக்குப் பரப்பப் போறேன். நீங்க எல்லாரும் எப்பவும்போல நடங்க. துணி காயப் போடுங்க, போன் பேசுங்க, சண்டை போடுங்க. நான் காலையில வந்து தடத்தைப் பார்ப்பேன். யார் கால் எங்க போகுதுன்னு தெரிஞ்ச பிறகுதான் பேப்பரையே எடுப்பேன்."

"போலீஸ் நாய் மாதிரியா?" என்றார் வாத்தியார்.

"நாய்க்கு மூக்கு சார், எனக்குக் கண்ணு. அவ்வளவுதான் வித்தியாசம்."

தங்கச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. "மணல்ல வழுக்கும்."

"யாருக்கு?"

"யாருக்குன்னா... எனக்குத்தான். ஈரத்துணி பக்கெட்டைத் தூக்கிட்டு நடக்கறேன்ல?"

கொல்லையைப் பார்த்திருந்த ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "விடு தங்கச்சி. மணல் வந்துடுச்சுன்னா பின்னாடியே கடலும் வந்துடும். மாப்பிள்ளைக்குப் பவுண்டன் செலவு மிச்சம்."

அதுதான் அண்ணன். டவுன் பஸ் டிரைவர். ஓட்டின காலத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்காதவர். டிப்போவில் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் எடுத்த ஒரு பஸ் அவரைச் சுவரோடு சேர்த்துவிட்டது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. இப்போது சக்கர நாற்காலியும் அந்த ஜன்னலும்தான்.

செயற்கைக் கால் ஒன்று பொருத்திக் கொடுத்திருந்தார்கள். அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது, மேலே ஒரு பழைய சட்டை போட்டு மூடி. முதல் முதலில் அதை மாட்டிக்கொண்டு நடந்த நாளில் வீடு நிறைய உறவுக்காரர்கள். அத்தை ஒருத்தி அழுதாள், சித்தப்பா வீடியோ எடுத்தார், மீதிப் பேர் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலிலேயே அவர் தடுமாறி, டீ டம்ளர்கள் அடுக்கியிருந்த தட்டின் மேல் விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று பிறகு ஒருநாள் சொன்னார். அன்றைக்கு ஆணிக்குப் போன கால்தான்.

தோட்டம் வேண்டும் என்று தோட்டக்காரம்மாவைக் கூப்பிட்டது தங்கச்சி. கேட்டதும் திட்டவட்டமாகத்தான் கேட்டாள். "பின்வாசல்லேர்ந்து காம்பவுண்டு சுவர் வரைக்கும் புல்லு. மெத்தை மாதிரி அடர்த்தியா. கல்லு வேண்டாம், தொட்டி வேண்டாம், முள்ளுச்செடி வேண்டவே வேண்டாம். அண்ணன் ஜன்னல்லேர்ந்து பார்த்தா பச்சைப் பசேல்னு இருக்கணும்."

இந்த 'ஜன்னல்லேர்ந்து பார்க்க' என்ற வார்த்தையே தோட்டக்காரம்மாவுக்கு ஆகாது. வாலிப வயசு பூராவும் அவள் ஒரு ஜன்னலுக்குள் கழித்தவள்.

பெரிய துணிக்கடை ஒன்றின் ஷோகேஸில் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவதுதான் அவளுடைய முதல் வேலை. முழங்கால் உயரக் கதவு வழியாகத் தவழ்ந்து உள்ளே போக வேண்டும். வாயில் குண்டூசி, தலைக்கு மேலே விளக்குச் சூடு, வெளியே வேடிக்கை பார்க்கும் தெரு. காலையில் கண்ணாடி துடைக்க வருபவரை அவள் தினமும் ஒரு நிமிஷம் நிறுத்திவைப்பாள். "அண்ணே, இருங்க, பார்த்துக்கறேன்." கண்ணாடியில் எங்கெல்லாம் மூக்கும் உள்ளங்கையும் பதிந்து அழுக்காகியிருக்கிறதோ, அங்கெல்லாம் ஆள் நின்றிருக்கிறார்கள். அழுக்கே இல்லாத இடத்துப் பொம்மைக்கு அன்றைக்கே உடை மாற்றிவிடுவாள். மேனேஜருக்கு விற்பனைக் கணக்கு எப்படியோ, அவளுக்கு அந்த அழுக்கு.

ஒரு கோடையில் பொம்மைகளுக்கு நடுவே நிஜச் செடிகளை வைக்கச் சொன்னார்கள். பொம்மைகள் வைத்த இடத்தில் நின்றன. செடிகள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உள்ளே எரியும் விளக்கை விட்டுவிட்டு, தெருப் பக்கம் வெயிலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன. அவள் தினமும் தொட்டியைத் திருப்பி வைப்பாள், அவை தினமும் திரும்பும். மூன்றாவது வாரத்தில் அவள் பொம்மைகளை மறந்துவிட்டிருந்தாள். அந்த வருஷக் கடைசியில் வேலையையும் விட்டாள்.

முதலில் போட்ட தோட்டம் ஒரு பல் டாக்டர் வீட்டுக்கு. கேட்டில் நின்று பார்த்தால் அசல் ஷோகேஸ். பார்த்தவர்கள் எல்லாம் போட்டோ எடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்து, மறந்துவிட்டுப்போன ஏணியை எடுக்கப் போனாள். தோட்டம் அவள் விட்டுப்போனபடியே, ஒரு புல் மடங்காமல் இருந்தது. டாக்டர் குடும்பம் முழுவதும் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி நிழலில், துணி துவைக்கிற படிக்கட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து கூத்தும் சிரிப்புமாக இருந்தது. சாயங்காலக் காற்று அங்கேதான் வரும்போல. ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் மடங்காத அந்தப் புல்லை மறுபடி பார்த்தாள். கண்ணாடியில் ஒரு கைரேகைகூட இல்லை என்று தோன்றியது.

அடுத்த வேலைக்கு, செடிக்கு முன்னால் மணல் லாரி போயிற்று.

மணல் பரப்பிய மறுநாளிலிருந்து தங்கச்சி வீட்டுக் கொல்லை பேச ஆரம்பித்தது. வாத்தியாரின் செருப்புத் தடம் வட்டம் வட்டமாகச் சுற்றியது. போன் பேசும்போது அவர் செக்குமாடு. தங்கச்சியின் வெறுங்கால் தடம் பின்வாசலிலிருந்து துணிக்கொடிக்கு நேர்கோடாகப் போனது, திரும்பி வரும்போது மோட்டார் பக்கம் வளைந்தது. பூனை மதில் ஓரமாகவே நடந்து, ஒரே ஒரு இடத்தில் மட்டும் நின்று யோசித்திருந்தது.

இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஒன்றுதான் இடித்தது. டிரைவர் அண்ணனின் அறையிலிருந்து கொல்லைக்கு ஒரு தனிக் கதவு உண்டு. அந்தக் கதவிலிருந்து எதிர் மதில் வரை, ஒரு ஆள் அகலத்துக்கு, மணல் பெருக்கி வைத்திருந்தது. விளக்குமாற்றின் கோடுகள் சீப்பால் வாரின மாதிரி பளிச்சென்று தெரிந்தன. தினமும், அதே இடம்.

"யாருங்க மணலைப் பெருக்கறது?"

"மணலை யாராவது பெருக்குவாங்களா?" என்றாள் தங்கச்சி. "தரையைப் பெருக்கவே எனக்கு நேரமில்லை."

"நான் வீட்டுக்குள்ளயே பெருக்கினதில்லை" என்றார் வாத்தியார், பெருமையாக.

"அது எனக்குத் தெரியும்" என்று தங்கச்சி பேச்சை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தோட்டக்காரம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, பக்கவாட்டு கேட் அருகே வந்து நின்றாள்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் டிரைவரின் அறைக் கதவு திறந்தது தெரியவே இல்லை. திறந்த கதவில் டிரைவர் நின்றிருந்தார். நின்றுகொண்டிருந்தார்! ஆணியில் தொங்கவேண்டிய கால் அவர் காலில் இருந்தது. வலது கையில் ஊன்றுகோல்.

கோல், பொய்க்கால், நிஜக்கால். கோல், பொய்க்கால், நிஜக்கால். உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் துணி துவைக்கிற கல் வரை வந்தார், அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார், மறுபடி கிளம்பினார். மதிலைத் தொட்டதும் உள்ளங்கையால் அதை இரண்டு தட்டு தட்டினார், கண்டக்டர் பஸ்ஸைத் தட்டுகிற மாதிரி. திரும்பும்போதுதான் கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே ஒரு ஹெல்மெட்டைப் பார்த்தார்.

"பஸ் இங்க நிக்காதும்மா" என்றார் அடிக்குரலில். "அடுத்த ஸ்டாப்புக்குப் போங்க."

"அண்ணா... நீங்க நடக்கறீங்க!"

"கத்தாதீங்க. தங்கச்சி காதுல விழுந்தா தொலைஞ்சேன். வீடியோ எடுக்க ஊரையே கூட்டிடுவா. அவ மோட்டாரைப் போட்டுட்டு சமையல்கட்டுக்குள்ள போனா, தொட்டி நிரம்பி வழியிற வரைக்கும் தலை காட்டமாட்டா. அதுதான் என்னோட டிரிப்."

தோட்டக்காரம்மா கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். கல்லின் மேல் அவர் உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை, கண்ணெல்லாம் திருட்டுத்தனம்.

"ஏன் அண்ணா ஒளிச்சு ஒளிச்சு?"

"டிப்போவுல டைம் கீப்பர் வேலை ஒண்ணு காலியா இருக்கு. மேனேஜர் நம்ம ஆளு. ரெண்டு மாசம் கழிச்சு வர்ற ஒண்ணாம் தேதி வரைக்கும் யாருக்கும் தரமாட்டேன், நீ வந்து உட்காருன்னு சொல்லியிருக்காரு. வீல்சேர்ல போனாலும் தருவாரு. ஆனா பாருங்க, இருபது வருஷம் அந்த கேட்டுக்குள்ள உட்கார்ந்துகிட்டேதான் போயிருக்கேன். இந்த ஒரு தடவை நடந்து போகணும்னு இருக்கு. கேட்டுலேர்ந்து ஆபீஸ் தூரமும் இந்தக் கொல்லையும் கிட்டத்தட்ட ஒண்ணு."

"வீட்டுல சொன்னா உதவி பண்ணுவாங்களே?"

"அந்த உதவிதான் பயம். கை தட்டிடுவாங்க."

"ஒருவேளை முடியலைன்னா?"

அவர் பொய்க்காலை ஒரு தட்டு தட்டினார். "இது திரும்ப ஆணிக்குப் போகாது. பழைய இரும்புக்காரன் வண்டிக்குப் போகும். அப்புறம் இந்த ஜன்னல்தான், ஆயுசுக்கும்."

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை, மதிலைப் பார்த்தார். அவருக்குப் பின்னால், அறைக் கதவை ஒட்டி ஒரு விளக்குமாறு சாய்ந்திருந்தது. மணலைப் பெருக்குவது யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

மேலே தொட்டி வழிந்து தண்ணீர் சளசளவென்று கொட்டியது. டிரைவர் எழுந்தார். "டிரிப் முடிஞ்சுது. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"விடமாட்டேன். ஆனா ஒண்ணு, இன்னிக்குத் தடத்தை நான் நல்லாப் பார்த்துக்கறேன்."

மணலில் எல்லாம் இருந்தது. நிஜக்கால் விரல் விரலாக ஊன்றியிருந்தது, பொய்க்கால் முத்திரை குத்தின மாதிரி தட்டையாக. கோல் எங்கே ஆழமாக இறங்கியிருக்கிறதோ அங்கே அவருக்கு வலித்திருக்கிறது. துணிக்கல்லுக்குக் கொஞ்சம் முன்னால் கோல் மூன்று குழி போட்டிருந்தது. உட்கார ஓர் இடம் அங்கேதான் வேண்டும். மோட்டார் அருகே ஈரத்தில் ஒரு சறுக்கல். மதிலருகே திரும்பும் இடத்தில் மணல் கலங்கிக் கிடந்தது.

"திரும்பறதுதான் கஷ்டம்" என்று கதவுக்குள் போகும்போது சொன்னார். "பஸ் மாதிரி ஒரு வளைவு இருந்தா அப்படியே ஒடிச்சுத் திரும்பிடுவேன்."

"வளைவு போட்டுடலாம். வேற?"

"தங்கச்சி கேட்கிற புல்லு மட்டும் வேண்டாம்மா. கோலு பொதுக்குனு இறங்கிடும்."

அன்றைக்கு ராத்திரியே தோட்டக்காரம்மா படம் வரைந்தாள். அடுத்த நாள் சாப்பாட்டு மேஜையில் அதை விரித்ததும் யுத்தம் ஆரம்பமாயிற்று.

"இது என்ன நடுவுல ரோடு?" என்றாள் தங்கச்சி.

"பாதைங்க. சொரசொரப்பான கல்லு. நீங்க ஈரத்துணியோட வழுக்காம போகலாம்."

"துணிக்கொடி இந்தப் பக்கம் இருக்கு. பாதை அண்ணன் ரூம்லேர்ந்து போகுது."

தோட்டக்காரம்மா படத்தின் ஓரத்தை நீவிவிட்டாள். "கொடியை மாத்திக் கட்டிடலாம்."

"நான் புல்லு கேட்டேன்."

"ஜன்னல்லேர்ந்து பார்க்க அழகா இருக்கணும், அவ்வளவுதானே? வெறும் புல்லைவிட இது..."

"அழகைப் பத்தி நான் பேசலைங்க. எனக்குப் புல்லு வேணும்."

'இந்தம்மாவுக்கு அண்ணனைவிட புல்லுதான் முக்கியம்' என்று தோட்டக்காரம்மா மனசுக்குள் பல்லைக் கடித்தாள். உண்மையைச் சொல்லிவிட்டால் ஒரே நிமிஷத்தில் முடிகிற சண்டை. வாக்குக் கொடுத்தாயிற்று. "பாதை இல்லாம நான் தோட்டம் போடறதில்லை. வேணும்னா வேற ஆளைப் பாருங்க" என்று படத்தைச் சுருட்டினாள்.

தங்கச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை அண்ணன் அறைப் பக்கம் பார்த்தாள். பிறகு, "இருங்க, விரிங்க" என்றாள். "அந்தக் கல்லு ஓரமெல்லாம் கூர்மையா இருக்குமா?"

"உருட்டிச் செதுக்கச் சொல்லலாம்."

"உயரம்?"

"தரையோட தரையா."

"சரி. அப்போ பாதை போட்டுக்கோங்க. ஆனா ரெண்டு பக்கமும், பாதையை ஒட்டி, ஒரு இடம் விடாம புல்லு. அடர்த்தியா. இதுக்கு மேல நான் இறங்கமாட்டேன்."

"இது என்ன, பாதை நெடுக பைப்பு?" என்று வாத்தியார் படத்தில் விரல் வைத்தார்.

"பூக்கொடி ஏறுறதுக்கு சார்."

"கொடி ஏறவா இவ்வளவு கனம்? யானையே ஏறலாமே!"

"கனமாவே இருக்கட்டும். உங்களுக்கு என்ன?" என்றாள் தங்கச்சி வெடுக்கென்று.

"எனக்கு என்ன, எனக்கு ஒரு பவுண்டன். மீனு வாயைத் திறந்து தண்ணி துப்பற மாதிரி."

மீன் கடைசியில் முன்வாசலில், பின்கொல்லையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில் இடம்பிடித்தது. அது துப்பிய தண்ணீரில் பாதி தபால் பெட்டியில் விழுந்தது. வாத்தியார் பரம திருப்தி.

வேலை மளமளவென்று நடந்தது. பைப்பை இடுப்பு உயரத்தில் பொருத்தச் சொன்னதும் மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "இடுப்புன்னா யார் இடுப்பும்மா? என்னோடதா, உங்களோடதா?" தோட்டக்காரம்மா சட்டைப் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்துக் கொடுத்தாள். அதில் ஒரு முடிச்சு இருந்தது. டிரைவரை விடிகாலையில் நிற்கவைத்து, தரையிலிருந்து அவர் கை இறங்கும் உயரத்துக்குப் போட்ட முடிச்சு.

மூன்று குழி விழுந்த இடத்தில் ஒரு பெஞ்சு வந்தது. மதிலருகே பாதை அகலமாகி, பஸ் திரும்புகிற மாதிரி வளைந்து திரும்பியது. அந்த வளைவின் உட்புறம் மஞ்சள் பூச்செடிகள். "எதுக்கு மஞ்சள்?" என்று டிரைவர் கேட்டார். "திரும்பற இடம் தூரத்துலயே கண்ணுல படணும்ல?" என்றாள். டிரைவர் ஹாரன் அடிக்கிற மாதிரி காற்றில் ஒரு அமுக்கு அமுக்கினார். புல், தங்கச்சி கேட்டதைவிட அடர்த்தியாகவே பிடித்தது. மருந்துக் கடையிலிருந்து வந்ததும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நிற்பாள், குதிகாலால் அமுக்கிப் பார்ப்பாள். ஒருநாள் முழங்காலைக் கூட ஊன்றிப் பார்த்தாள். "நல்லா இருக்கா?" என்று தோட்டக்காரம்மா கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டாள். "இன்னும் கொஞ்சம் மெத்துனு வரணும்" என்றாள் தங்கச்சி.

விடிகாலை டிரிப்புகள் நிற்கவில்லை. கை பைப்பில் சறுக்கிக்கொண்டே வர, கோல் கல்லில் டக் டக்கென்று ஒலிக்க, டிரைவரின் நடை நாளுக்கு நாள் நேராகியது. மோட்டாரும் தவறாமல் ஓடியது. தொட்டியும் தவறாமல் வழிந்தது. "தினமும் தண்ணி வழியுது, அணைக்கத் தெரியாதா உனக்கு?" என்று வாத்தியார் கத்துவார். "மறந்துட்டேங்க" என்பாள் தங்கச்சி. மருந்துக் கடையில் ஒரு மாத்திரை மாற்றிக் கொடுத்ததில்லை அவள்.

அந்த ஒண்ணாம் தேதி வந்தது.

தோட்டக்காரம்மா புல்லுக்குத் தண்ணீர் பார்க்கிற சாக்கில் விடிவதற்கு முன்பே வந்துவிட்டாள். மோட்டார் இரைந்தது. அறைக் கதவு திறந்தது. டிரைவர் காக்கிச் சட்டை போட்டிருந்தார். பழைய சட்டை, கொஞ்சம் தொளதொளப்பு, ஆனால் இஸ்திரி மடிப்பில் கை வைத்தால் கை அறுந்துவிடும். பக்கவாட்டு கேட்டுக்கு வெளியே ஆட்டோ ஒன்று காத்திருந்தது.

"இன்னிக்குப் பைப்பைத் தொடமாட்டேன்" என்றார். "டிப்போவுல பைப்பு கிடையாது."

"அண்ணா, வேண்டாம், இன்னிக்குப் போய்..."

அவர் ஏற்கெனவே கிளம்பிவிட்டார். கோல், பொய்க்கால், நிஜக்கால். பெஞ்சைத் தாண்டினார், உட்காரவில்லை. மஞ்சள் பூக்களைச் சுற்றி அழகாக வளைந்து திரும்பினார். திரும்பின சந்தோஷத்தில் அவளைப் பார்த்து ஒரு சல்யூட் வைக்கக் கையைத் தூக்கினார். தூக்கியது கோல் பிடித்த கை.

தொப்பென்று விழுந்தார்.

அவள் ஓடினாள். பாதைக்கு வெளியே, பச்சைப் புல்லில், டிரைவர் மல்லாந்து கிடந்தார். கண்கள் அகலத் திறந்திருந்தன. உடம்பு குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் குனிந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமே ஆகலைம்மா! ஒரு சிராய்ப்புகூட இல்லை!" என்றார். "இதுக்குத்தானா இத்தனை நாள் பயந்தேன்? பிடிக்காதீங்க, தள்ளி நில்லுங்க." புரண்டார், பைப்பை எட்டிப் பிடித்தார், தன்னை இழுத்துத் தூக்கிக்கொண்டு எழுந்தார். காக்கிச் சட்டையின் முழங்கையில் பச்சைக் கறை. அதைப் பார்த்தார், துடைக்கவில்லை. கேட் வரை நடந்தார், வெளியே நடந்தார், ஆட்டோ கம்பியை இரண்டு தட்டு தட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

"ரைட்... போகலாம்!"

ஆட்டோ சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைந்தது. அப்போதுதான் தோட்டக்காரம்மாவுக்கு உறைத்தது, மோட்டார் நின்றிருந்தது. தொட்டி இன்னும் வழியவில்லை.

திரும்பிப் பார்த்தாள். சமையலறை வாசலில், ஒரு கை மோட்டார் சுவிட்சின் மேலும் மறு கை வாயைப் பொத்தியபடியும் தங்கச்சி நின்றிருந்தாள். கண்ணீர் விரலிடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க... பார்த்துட்டீங்களா?"

"தினமும் பார்க்கறேன்" என்றாள் தங்கச்சி. "கதவு சத்தம் எனக்குக் கேட்கலைன்னு அண்ணன் நம்பணும்ல? அதுக்குத்தான் மோட்டார். அண்ணன் உள்ளே போனதும் வந்து மணலைப் பெருக்கிடுவேன். தடம் கிடந்தா எங்க வீட்டுக்காரர் கண்ணுல படும், இவர் வாய் சும்மா இருக்காது, ஊரே வந்து கை தட்டும்."

தோட்டக்காரம்மா புல்லைப் பார்த்தாள். ஒரு ஆள் நீளத்துக்கு அது அமுங்கிக் கிடந்தது. விளிம்பிலிருந்து ஒவ்வொரு புல்லாக நிமிர ஆரம்பித்திருந்தது.

"அப்போ... முதல் நாளே எங்கிட்ட இந்தப் புல்லு கேட்டது?"

தங்கச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜன்னல்ல உட்கார்ந்து பார்க்கறதுக்குன்னா நினைச்சீங்க? நடக்கறவரு எப்படியும் ஒருநாள் விழுவாருங்க, விழுந்தா அடிபடக் கூடாதுன்னுதான்."